எட்டு மாடும் ஒரு டீச்சரும்

(அம்மாவின் முன்னாள் மாணவர்கள் சிங்கப்பூர் ஈசூனில் கூட்டிய நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நால்வரும் அம்மாவை "டீச்சர்" என்றார்கள். பின்னால் தொங்கும் பதாகையில் "ஓய்வுபெற்ற தமிழாசிரியை" என்று இருக்கிறது. நாளிதழில் கொடுத்த இரங்கல் விளம்பரத்திலும் அப்படித்தான் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தது நான்தான். எழுதும்போது ஒரு பாதியை விட்டுவிட்டேன், மறந்து போய் அல்ல.

அம்மா மாடு வளர்த்தவர். ஆசைக்கு ஒன்று கட்டி வைத்திருந்தார் என்று நினைக்காதீர்கள், எட்டுக் கறவை மாடுகள். டீச்சரைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் மாட்டுக்காரம்மாவைப் பற்றிப் பேசுகிறேன்.

அம்மாவின் தாத்தா தேக்கா பக்கம் பால் வியாபாரம் செய்தவர். இன்று நாம் மீன் வாங்கவும் பூ வாங்கவும் போகிற அந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாடுகளின் ஊர். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று பெயர்ப் பலகைகள் இன்னும் நிற்கின்றன. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. நான் பிறந்தது 1966இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஒரே ஆண்டில் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன, அது உலக சாதனை. அந்தப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். நான் கொஞ்சம் மிடுக்காக ஏதாவது பேசினால் அம்மா சொல்வார்: "நீயும் கொட்டில்ல பொறந்தவதான், ரொம்ப அலட்டிக்காதே."

கல்யாணமாகி சோங் பாங் பக்கத்துக் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, வந்தபோது சீதனமாக ஒரு பசுவும் கன்றும் கூடவே வந்தன. அப்பாவுக்கு பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. அம்மா அப்போதே தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு சம்பளம், ஒரு பசு, பிரச்சினை இல்லை. அப்புறம் 1968இல் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1971க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். செம்பவாங் பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், மலையாளக் குடும்பங்கள் அந்தத் தளத்தை நம்பி இருந்தன. அப்பாவுக்கு வேலை போனது. ஒரு பசு எட்டானது அதற்குப் பிறகுதான். இதை யாரும் எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை, கொட்டகை நீண்டுகொண்டே போனதைப் பார்த்துப் புரிந்துகொண்டோம்.

அம்மா காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். முதலில் கன்றை அவிழ்த்து விட வேண்டும். அது நாலு வாய் முட்டிக் குடித்தால்தான் தாய் பாலை இறக்கும். பிறகு கன்றைப் பக்கத்தில் கட்டிவிட்டு, மடியை வெந்நீரில் கழுவிக் கறப்பார். அப்பா சைக்கிளில் பாலை எடுத்துப் போவார். அம்மா சாணி வாரி, கொட்டகையைக் கழுவி, சீன முதலாளி (தவுக்கே) ஒருவரின் பட்டறையிலிருந்து வரும் சோயாச் சக்கையைத் தவிட்டோடு கலந்து வைப்பார். எங்களைப் பசியாறச் செய்து, குளித்து, சேலை கட்டி, குட்டிக்கூரா பவுடர் போட்டு, மதிய வகுப்புக்குக் கிளம்புவார். மதிய வகுப்பைத்தான் கேட்டு வாங்கியிருந்தார். கழுத்தில் பவுடர், கூந்தலில் மாட்டு வாசனை. சற்று முன் தேநீர் வரிசையில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "டீச்சர் வர்றதுக்கு முன்னாடி வாசனை வந்துடும், நாங்க நோட்டை எடுத்து வச்சிடுவோம்." அவருக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது.

1970இல் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கியது. பைண்டும் கேலனும் போய் லிட்டர் வரப்போகிறது. பிள்ளைகளுக்குத் தலை சுற்றியது, பெற்றோருக்கு இன்னும் அதிகமாக. அம்மா வீட்டுப் பால் குவளையையும் ஒரு லிட்டர் பாட்டிலையும் பள்ளிக்கு எடுத்துப் போய், மேசைமேல் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு கேலன் எட்டுப் பைண்ட், நான்கரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் சிந்தியது, வகுப்பே கூச்சல் போட்டது, கணக்கு மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

இனி எனக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம்.

எழுபதுகளில் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. அம்மா சனிக்கிழமைகளில் பால் கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் நின்று, "பிள்ளையை நம்ம பள்ளிக்கு அனுப்புங்க அக்கா" என்று கேட்பார். கேட்டவர் தன் மகளான என்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருந்தார். ஒரு வீட்டில் ஒரு பெண்மணி அதை நேராகவே கேட்டுவிட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. பால் அளந்து ஊற்றிவிட்டு வந்துவிட்டார். நான் அருகில் நின்றிருந்தேன். அதைப் பற்றி நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அம்மாவைக் குறை சொல்லத் தோன்றவில்லை, நியாயப்படுத்தவும் வரவில்லை. 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டு, தமிழ்வழிக் கல்வி முடிவுக்கு வந்த செய்தியைப் படித்த அன்று அம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அந்த ஆங்கிலப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள், பெற்றோரின் தொழில் கேட்டு. அம்மாவுக்கு "ஆசிரியை" என்று எழுதினேன். அப்பாவுக்கு, வேலை போய் நாலு வருடம் ஆன பிறகும், "கடற்படைத் தளம்" என்று எழுதினேன். மாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. அம்மா பார்த்தார். திட்டவில்லை. பழந்தமிழில் மாடு என்றால் செல்வம் என்று அர்த்தம், தெரியுமா என்றார். கல்விதான் அழியாத செல்வம், மற்றதெல்லாம் மாடல்ல என்று வள்ளுவர் 400ஆவது குறளில் சொல்வதை விளக்கினார். பிறகு சிரித்தார்: "அவருக்கென்ன, மாசக் கடைசி தெரியாது போல."

1978 டிசம்பர் 2ஆம் தேதி பெய்த மழை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் 512 மில்லிமீட்டர். எங்கள் பக்கத்து ஓடை கரை மீறியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இருட்டில், முட்டளவுத் தண்ணீரில், மாடுகளை அவிழ்த்து மேட்டுப் பக்கம் ஓட்டினோம். பயந்த மாடு சில நேரம் ஓடாது, அப்படியே நின்றுவிடும். அம்மா பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் காதருகே போய்ப் பேசினார். மேட்டுக்கு வந்ததும் விளக்கைத் தூக்கிப் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். லட்சுமி. செவலை. குட்டை வாலு. மல்லிகா. வகுப்பில் வருகை எடுக்கிற அதே குரல், அதே ஏற்ற இறக்கம். கம்பத்துப் பையன் ஒருவன், அம்மாவின் மாணவன், மழையில் நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் டீச்சர்" என்றான். அம்மா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு மாடுதான் வந்திருந்தது. எட்டாவது, மல்லிகாவின் மகள், விடிந்த பிறகு ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்றிருந்தது, முழங்கால் வரை சேறோடு.

எண்பதுகளில் நிலம் எடுக்கப்பட்டது. எங்களுக்கு ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு கிடைத்தது, நாலாவது மாடி. மாடுகளை விற்ற நாளைப் பற்றி அம்மா ஒரு தடவைகூடப் பேசியதில்லை, நானும் பேசப் போவதில்லை. ஆங்கிலப் பள்ளிகளில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்து, 1992இல் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார்.

கடைசியாக ஒன்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு லிட்டில் இந்தியா போனோம். கேம்பல் லேனில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள், பிள்ளைகள் கைப்பேசியோடு நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அம்மா கைத்தடியோடு வேலியருகே போய் ஒரு பசுவின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டு, "இது சினை. ஏழு மாசம் இருக்கும். பிள்ளைங்களை அந்தப் பக்கம் முட்ட விடாதே" என்றார். அவன் முழித்தான். அதற்குள் அம்மாவின் கண் வேலியில் தொங்கிய கையெழுத்து அட்டைமேல் போயிருந்தது. அதில் "பசுவும் கண்றும்" என்று எழுதியிருந்தது. கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்து, மூன்று சுழி ண-வை அடித்துவிட்டு மேலே இரண்டு சுழி ன போட்டார்.

அந்தத் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாட்டி, நீங்க டீச்சரா, இல்ல மாடு வச்சிருந்தீங்களா?"

அம்மா பேனாவை மூடினார். "எட்டு" என்றார். கொஞ்சம் நின்று, "கன்னுக்குட்டியைச் சேக்காம" என்றார்.

நன்றி, வணக்கம்.