ஓரத்து நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்லூரி நூலகத்தில் 26 ஆண்டுகள் நூலகராக இருந்தவன் நான். காலை எட்டரைக்குக் கதவைத் திறப்போம். எந்த நாற்காலி முதலில் நிறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். முதலில் ஜன்னலோரம். அப்புறம் சுவரோரம். அதுவும் போய்விட்டால் தூணோரம். நடுக்கூடத்தில் பெரிய தேக்கு மேசைகள், ஒவ்வொன்றுக்கும் 8 நாற்காலி. வேறு வழியில்லாதவர்கள்தான் அங்கே போவார்கள். பஸ்ஸில் ஏறியதும் நம் கண் எங்கே போகும்? அதே கதைதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போம், இங்கே துண்டுக்குப் பதில் தண்ணீர் பாட்டில்.

அந்த 8 பேர் மேசையில் ஒருவர் பையை வைத்து உட்கார்ந்தால், அடுத்தவர் எதிர்க்கோடி மூலைக்குப் போவார். மூன்றாமவர் வந்ததோடு சரி. 5 நாற்காலி காலியாக இருக்கும், ஆனால் நாலாவது ஆள் என்னிடம் வந்து, "சார், இடமே இல்லை" என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் நடந்துகொண்டே இருந்தால் படிப்பு ஓடாது. தலையை நிமிர்த்தினால் எதிரே ஒரு முகம் இருக்கக் கூடாது, தூரத்தில் ஒரு மரமாவது தெரிய வேண்டும். இவை ஓரத்தில்தான் கிடைக்கும். இந்தக் காலத்தில் பிளக் பாயிண்டும் சுவரில்தானே இருக்கிறது!

ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் பாட்லி சீரமைத்து 1602-இல் திறந்த நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தீயோ சுடரோ கொண்டுவரமாட்டேன் என்று வாசகர்கள் உறுதிமொழி தர வேண்டும். ஆக, பகல் வெளிச்சம் ஒன்றுதான் கதி. அலமாரிகளைச் சுவரை ஒட்டி வைத்தால் ஜன்னல் அடைபட்டுப் போகும். அதனால் அவற்றைச் சுவருக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். இரண்டு அலமாரிக்கு நடுவே ஒரு ஜன்னல், அங்கேயே உட்காரவும் இடம். ஓரம் தானாகவே பல மடங்காகிவிட்டது.

பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து, 2005-இல் திறந்த மொழி இலக்கிய நூலகத்தில் இதையே வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உருண்டையான கூடு, ஊர்க்காரர்கள் அதற்கு 'பெர்லின் மூளை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உள்ளே புத்தகங்கள் நடுவில், படிக்கும் மேசைகள் சுற்றிலும் விளிம்பில். அந்த விளிம்பும் நேராக இல்லை, பாம்பு போல நெளிகிறது. நெளிந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளம், அவ்வளவுதான் சூட்சுமம். அதே பரப்பில் ஓரத்து நாற்காலிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

நம் ஊர் கதைக்கு வருகிறேன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன், அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டவர். தரையில் நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்துக்கு மேல் அலமாரி கூடாது என்பதும் அவர் கட்சி. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த நூலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்கள் பூட்டோடு சுவர் நெடுக நின்றன. யோசித்துப் பார்த்தால், ஜன்னலோரத்தில் பாதியைப் பீரோக்களே பிடித்து வைத்திருந்தன! வெயில் பட்டு அட்டைகள் வெளுத்ததுதான் மிச்சம்.

ஒரு மே மாத விடுமுறையில் பீரோக்களை அங்கிருந்து அகற்றினோம். திறந்த அலமாரிகளைச் சுவருக்குக் குறுக்கே நிறுத்தி, இடையிடையே இரண்டு பேர் உட்காரும் சின்ன மேசைகளைப் போட்டோம். தேக்கு மேசைகளில் நாலை மட்டும் நடுவில் விட்டுவைத்தோம், கூடிப் படிப்பவர்களுக்கு அதுவும் வேண்டுமே. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டினோம். கட்டடத்தில் ஒரு செங்கல் நகரவில்லை. ஜூனில் கல்லூரி திறந்தபோது அதே கூடத்தில் முன்னைவிட அதிகம் பேர், அதிக நேரம் உட்கார்ந்தார்கள்.

வந்தது ஒரு புகார். மறைவான இடம் பார்த்துச் சில ஜோடிகள் வருகிறார்கள் என்று முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். அலமாரிகளைப் பழையபடி சுவரோடு சேர்க்கச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். கடைசியில் அலமாரிகளின் பின்தகட்டை மட்டும் கழற்றிவிட்டேன். புத்தகங்களுக்கு மேலே நாலு விரல் இடைவெளி. உள்ளே குனிந்து படிப்பவருக்கு நாங்கள் தெரியமாட்டோம். எங்களுக்கு அவர் தலைமுடி மட்டும் தெரியும். அதற்கப்புறம் முதல்வர் கூப்பிடவில்லை. தண்ணீர் பாட்டில் போட்டு இடம் பிடிப்பதைத்தான் நான் ஓய்வு பெறும்வரை ஒழிக்க முடியவில்லை.

வணக்கம்.