கடற்கன்னியைத் தேடி ஆவுளியாவிடம்

(கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டாலும், அத்தனை நயமாகப் பேசியதால் மன்னிக்கப்பட்டுவிட்ட பேராசிரியர் அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, அழைத்தவுடன் வந்திருக்கும் வனத்துறை அலுவலர் அவர்களே, மாணவச் செல்வங்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தப் பணத்தில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கலாமே என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறேன். ஒவ்வொரு மேடையிலும் சால்வைதான் வருகிறது.

‘உலகக் கதைகளில் மாய விலங்குகள்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான்கு விலங்குகளை எடுத்துக்கொள்கிறேன்: ஒற்றைக்கொம்புக் குதிரை, டிராகன், யானையையே தூக்கிக்கொண்டு பறக்கும் ரோக் பறவை, கடற்கன்னி. என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்! மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், இன்னும் இரண்டு முறை சொல்லப்போகிறேன்.

முதலில் ஒற்றைக்கொம்புக் குதிரை. அதன் கொம்பு நஞ்சை முறிக்கும் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். அரசர்களுக்கு நஞ்சைப் பற்றிய பயம் என்றைக்கும் உண்டு. ஆகவே நீண்ட, முறுக்கு விழுந்த, வெண்ணிறக் கொம்புகள் பெரும் விலைக்குப் போயின. அவை எங்கிருந்து வந்தன என்று 1638இல் கோபன்ஹேகன் நகரத்து மருத்துவர் ஓலே வோர்ம் விசாரித்துச் சொன்னார். வடதுருவக் கடலில் வாழும் நார்வால் என்ற திமிங்கலத்தினுடையவை அவை. கொம்புகூட இல்லை, பல்! மேல்தாடையின் இடப்பக்கப் பல் உதட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளுகிறது, மூன்று மீட்டர் வரைக்கும். சரி, உண்மை தெரிந்துவிட்டது, மயக்கம் தீர்ந்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? அதே கோபன்ஹேகனில், அதே கொம்புகளை வைத்து டென்மார்க் அரசர்களுக்கு ஓர் அரியணை செய்தார்கள். 1671இல் ஐந்தாம் கிறிஸ்டியன் அதில் அமர்ந்துதான் முடிசூட்டு விழா கண்டார். ரோசன்போர்க் அரண்மனையில் இன்றும் அது இருக்கிறது. தீர விசாரித்தவர் அதே ஊர்க்காரர்தான், அரண்மனைக்குத்தான் காது கேட்கவில்லை.

டிராகனுக்கு ஒரு செய்தி போதும். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட் நகரில் நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட டிராகன் சிலை ஒன்று இருக்கிறது. அதன் தலையைச் செதுக்க மாதிரியாக இருந்தது, அந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்த பனியுகக் காண்டாமிருகத்தின் மண்டையோடு. ரோக் பறவையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கடற்கன்னிக்கு வருகிறேன். 1822இல் சாமுவேல் ஈட்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர், இன்றைய ஜகார்த்தாவாகிய பட்டாவியாவில் பதப்படுத்திய கடற்கன்னி ஒன்றைக் கண்டார். விலை ஆயிரக்கணக்கான டாலர். அவரிடம் அவ்வளவு பணம் ஏது? கப்பலை விற்றார். கப்பலில் அவருடைய பங்கு எட்டில் ஒன்று! மற்ற ஏழு பங்கும் அடுத்தவருடையவை. லண்டனில் காப்பிக்கடை ஒன்றில் அதைக் காட்சிக்கு வைத்தார், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். கூட்டம் வந்தது. ஆனால் உடற்கூறு படித்தவர் ஒருவர் பரிசோதித்து, மேலே குரங்கு, கீழே மீன், நடுவில் ஒட்டுவேலை என்று சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்தது, கப்பலின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். கப்பல் தலைவர் அந்தக் கடனுக்காகவே வாழ்நாளெல்லாம் கப்பலில் உழைத்தார். மகனுக்கு விட்டுப்போன சொத்து அந்தப் பொம்மை ஒன்றுதான்.

கதை இதோடு முடியவில்லை. மகன் அதைப் பாஸ்டன் அருங்காட்சியகக்காரர் ஒருவருக்கு விற்றான். அவரிடமிருந்து 1842இல் வாடகைக்கு எடுத்தார் நியூயார்க்கின் பார்னம், பெரிய காட்சி வியாபாரி. அவர் செய்ததைக் கேளுங்கள். அழகான கடற்கன்னிப் படங்களை அச்சுக்கட்டையில் செதுக்கி வைத்துக்கொண்டார். ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் போய், “இதை விளம்பரத்துக்கென்று செய்தேன், இனி எனக்குப் பயன்படாது, உங்களுக்கு மட்டும் இலவசமாகத் தருகிறேன்” என்றார். அடுத்த பத்திரிகைக்குப் போனார், “உங்களுக்கு மட்டும்” என்றார். மூன்றாவது பத்திரிகையிலும் அதே “உங்களுக்கு மட்டும்”தான். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று பத்திரிகைகளிலும் கடற்கன்னி! ஊரே டிக்கெட் வாங்கி உள்ளே போனது. உள்ளே இருந்தது கறுத்துச் சுருங்கிப் பல்லை இளித்துக்கொண்டிருந்த அதே குரங்கு மீன். மூன்று பத்திரிகையில் வந்தால் உண்மை என்று நம்புகிற வழக்கம் இன்றைக்கா வந்தது? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய். பார்னம் காலத்தில் காசு கொடுத்துக் கண்டதும் பொய்.

அப்படியானால் கடற்கன்னிக் கதை முழுவதும் ஏமாற்றா? இல்லை. 1493 ஜனவரியில் கரீபியக் கடலில் கொலம்பஸ் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது. படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்ற குறையும் அதிலேயே இருக்கிறது. அவர் பார்த்தவை மானாட்டி என்ற கடல் பாலூட்டிகள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த மானாட்டிக்கு ஓர் உறவு இருக்கிறது. அது நம் பாக் நீரிணையில் மேய்கிற கடற்பசு. பின்னால் நிற்கும் பெரியவர்களுக்கு அது ஆவுளியா.

பேராசிரியர் சிரிக்கிறார். எங்கே சுற்றினாலும் இவன் ஆவுளியாவிடம் வந்து சேருவான் என்பது அவருக்குத் தெரியும். ஆம், அதற்குத்தான் வந்தேன்.

இந்தக் குடும்பத்தில் பெரியதாக ஒன்று இருந்தது, ஸ்டெல்லர் கடற்பசு. எட்டு மீட்டர் வரை நீளம். 1741இல் பெரிங் கடல் தீவில் கப்பல் உடைந்து தவித்தவர்களோடு இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர் அதைப் பற்றி எழுதிவைத்தார். பின்னால் வேட்டைக்காரர்கள் போனார்கள். 1768க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இருபத்தேழே ஆண்டுகள்!

நம் ஆவுளியா கடற்புல்லை மேய்கிறது. மூச்சுவிடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் தண்ணீரிலேயே மூச்சடைத்துச் சாகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே போனது எளிதில் திரும்பாது. இந்தியக் கடல் முழுவதிலும் எஞ்சியிருப்பவை சில நூறுதான்.

2022இல் தமிழக அரசு பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல். பாராட்டுகிறேன், வனத்துறை அலுவலர் முன்னிலையில் கைதட்டியே பாராட்டுகிறேன். ஆனால் வலையில் மாட்டிய ஆவுளியாவை வெளியே விடுகிறவர் யார்? சொந்த வலையைத் தானே அறுத்து விடுகிற மீனவர். அந்த வலை அவருக்குக் கடனில் வந்தது. பாராட்டுப் பத்திரத்தை விரித்து மீன் பிடிக்க முடியாது. கிழிந்த வலைக்கான பணம் தாமதமில்லாமல் கையில் வர வேண்டும். கரையோரக் கடற்புல்லை வாரிக்கொண்டு போகிற இழுவை மடிகளைத் தடுக்க வேண்டும். அந்தப் புல்லில்தான் மீன் குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன. ஆவுளியாவுக்காகக் காப்பாற்றுகிற புல் நம் குழம்புக்கும்தான்.

சிலர் கேட்கிறார்கள், இங்கே எங்கே ஐயா இருக்கிறது, நாங்கள் பார்த்ததே இல்லையே என்று. கண்ணால் காணாததும் பொய் என்று பழமொழி சொல்லவில்லையே! தீர விசாரியுங்கள். விசாரிக்க டென்மார்க் போக வேண்டாம், வாசலில் நிற்கும் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இந்த இரண்டு கோரிக்கைகளையும் மாவட்ட ஆட்சியருக்கு மனுவாக எழுதியிருக்கிறேன். நூலகர் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை ஊராட்சி மன்றத் தலைவரும் இரண்டாவதை மீனவர் சங்கத் தலைவரும் போடுவதாக மேடை ஏறும் முன்பே ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் தேநீருக்குப் போகும் வழியில் போட்டுவிட்டுப் போங்கள். பேனா கட்டியே இருக்கிறது. வணக்கம்.