உடம்பக் காப்பாத்துறது உழைப்பா? உறக்கமா? (உறக்கமே!)

நடுவர் அய்யாவுக்கும் ஊர்ப் பெரியவங்களுக்கும் வணக்கம், மணி ஒன்பதே முக்கால் ஆச்சு, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "உறக்கத்துக்குப் பேச வந்ததெல்லாம் கும்பகர்ணன் வாரிசு"ன்னாரு. கைதட்டுனீங்க, மூணாவது வரிசை அக்கா விசிலே அடிச்சாங்க, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அண்ணே, கும்பகர்ணன் தூங்குனதால செத்தானா? தூங்குன வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். பாதித் தூக்கத்துல முரசு அடிச்சு, யானைய விட்டு மிதிக்க வச்சு எழுப்பி சண்டைக்கு அனுப்புனாங்க பாருங்க, அன்னைக்கே கத முடிஞ்சுது. எழுப்பச் சொன்னது யாரு? ராவணன். அப்ப நீங்க யாரு வாரிசுண்ணே? (தட்டாதீங்க, என் நேரம் போகுது. சரி, கொஞ்சம் தட்டுங்க.)

எங்க சித்தப்பாவுக்குத் தூக்கமே வராது. மெத்தைய மாத்துனாரு, வரல. கட்டில கெழக்க திருப்புனாரு, வரல. போன் மட்டும் தலகாணிக்குக் கீழயே. ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு பேமிலி குரூப்ல ரோஜாப்பூ போட்டு 'குட் மார்னிங்' அனுப்பிட்டாரு. ஊர்ல பெரியப்பா அந்த டொய்ங் சத்தத்துல முழிச்சு, ரோஜாவப் பாத்து, விடிஞ்சிருச்சுன்னு சொம்பத் தூக்கிட்டு மாட்டுக்கிட்ட போயிட்டாரு. 2 மணிக்கு! மாடு ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சாம். இவரு மடியில கைய வச்சாரு. விட்டுச்சு ஒரு உதை, சொம்பு ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம், வேட்டி எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன்.

அந்த மாட்டுக்கு மணி தெரியும்யா! உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, அது எப்படி ஓடுதுன்னு பழத்துல மொய்க்கிற ஈய வச்சுக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017-ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஈக்கு இருக்கு, மாட்டுக்கு இருக்கு, சித்தப்பாவுக்கும் இருக்கு, ராத்திரி போன் வெளிச்சம்தான் அதக் கொழப்பி விட்டுருச்சு. டாக்டர் மாத்திரையே எழுதல. போன ஹால்ல வைங்க, சாயங்காலக் காப்பி வேணாம், குடிச்சு அஞ்சு மணி நேரம் ஆனாலும் பாதி கஃபீன் உடம்புலயே நிக்கும், ஞாயித்துக்கிழமையும் அதே நேரத்துக்கு எந்திரிங்கன்னாரு. இப்ப மனுஷன் 7 மணி நேரம் தூங்குறாரு. மாடுதான் இன்னும் பெரியப்பாவ நம்பல.

உழைப்புன்னீங்களேண்ணே. எங்கம்மா ஸ்பின்னிங் மில்லுல 22 வருஷம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிப்ட். காலைல தலைமுடியில பஞ்சோட வருவாங்க, சோறாக்கி எங்கள அனுப்பிட்டு, ஈரத்துணியக் கண்ணு மேல போட்டுப் படுப்பாங்க. லீவு நாள்ல நாங்க கத்துவோம். ஒருநாளும் திட்டுனதில்ல, துணிய எடுத்துட்டு சும்மா எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க. இப்ப சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. வேலைய விட்டு 9 வருஷம் ஆச்சு, மெத்தை இருக்கு, ஃபேன் இருக்கு, கத்துறதுக்கு யாரும் இல்ல, தூக்கம் மட்டும் வரல. ராத்திரி 2 மணி ஆனா எந்திரிச்சு உக்காந்துடுறாங்க. மில்லுல டீ குடுக்குற நேரமாம் அது.

நடுவர் அய்யா, தீர்ப்ப யாருக்கு வேணா குடுங்க. கொஞ்சம் சீக்கிரமாக் குடுங்க, கடைசி பஸ்சு பத்தே முக்காலுக்கு. நான் போய் கதவத் தட்டுற வரைக்கும் அவங்க படுக்க மாட்டாங்க.