சாயமே இல்லாத கறுப்பு: மரியா மார்ட்டினெஸின் பானைகள்

[திரையில்: கறுப்புப் பானை மெதுவாகச் சுழல்கிறது]

இந்தப் பானையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதன்மேல் மங்கலான கறுப்பில் கொம்பு வைத்த பாம்பு ஒன்று சுற்றி ஓடுகிறது. இதில் ஒரு சொட்டு கறுப்புச் சாயம்கூடக் கிடையாது.

செய்தவர்கள் மரியா மார்ட்டினெஸ், அவர் கணவர் ஜூலியன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் இல்டிஃபோன்சோ பியூப்லோ என்ற பூர்வகுடி ஊர். உறவுக்காரப் பெண் நிக்கோலாசாவிடம் சின்ன வயதிலேயே மரியா தொழில் கற்றுக்கொண்டார்.

சக்கரம் கிடையாது. களிமண்ணோடு எரிமலைச் சாம்பல் கலந்து, கயிறு மாதிரி உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றுவார். காய்ந்ததும் சுரண்டி, செம்மண் குழம்பு பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து முடிக்க வேண்டும். பாதியில் எழுந்து போனால் அவ்வளவுதான், திரும்பவும் முதலிலிருந்து.

அப்புறம் ஜூலியன். தேய்த்த பரப்பில் களிமண் குழம்பால் வரைவார். வரைந்த இடம் மங்கும், மற்ற இடம் மின்னும். பக்கத்து ஊரான சான்டா கிளாராவில் வெறும் கறுப்புப் பானை முன்பே உண்டு. கறுப்பின்மேல் கறுப்பாக வரையும் வித்தைதான் 1919 வாக்கில் இவர்கள் கண்டது.

[திரையில்: திறந்தவெளியில் சூளை]

இனி நெருப்பு. பானைகளை அடுக்கிச் சுற்றிலும் வறட்டி. ஆமாம், நம்மூர் வறட்டியேதான். நன்றாகக் கனன்றதும் பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடிவிடுவார்கள். காற்று கிடைக்காத அந்தப் புகைமூட்டத்தில் மண்ணிலிருக்கும் இரும்பு கறுக்கும், கரியும் ஏறும். மூடாமல் விட்டால் அதே பானை சிவப்பாக வந்திருக்கும். கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளிலும் காற்று படாத பக்கம்தான் கறுத்தது.

சரி, கையெழுத்துக்கு வருவோம். பானையில் பெயர் போடுவது அந்த ஊர் வழக்கமே இல்லை. வாங்க வந்தவர்கள் கேட்டார்கள், மரியா போட்டார். ஊர்ப் பெண்கள் வந்து கேட்டால் அவர்கள் செய்த பானையிலும் தன் பெயரையே எழுதிக் கொடுத்திருக்கிறார்! பெயருள்ள பானைக்கு விலை கூட, அந்தக் காசு அவர்களுக்கும் போகட்டுமே. சேகரிப்பவர்களுக்குத் தலைவலிதான். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

1943இல் ஜூலியன் இறந்தார். அதன்பின் மருமகள் சான்டானா வரைந்தார், பிறகு மகன் போபோவி டா. மரியா 1980 வரை இருந்தார்.

[திரையில்: உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்]

தேய்க்கும் கல் அந்த ஊர்களில் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகிற சொத்து.