தீர விசாரித்துவிட்டுப் போனை எடுப்போம்

மதிப்புக்குரிய தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, பிள்ளைகளின் பறையாட்டத்தைக் கடைசி வரை நின்றுகொண்டே ரசித்த நம் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் வகுப்பை நிறுத்தாத தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, ஊரிலிருந்து மகன், மகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருக்கும் கறுப்பின ஆண்கள் இந்த அமெரிக்க நாட்டில் அன்றாடம் படும் பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தெருவில் நடப்பதை மட்டும் இன்று தொடுவேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கு இது. 2009 ஜூலை 16 அன்று மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

ஹென்றி லூயிஸ் கேட்ஸ், ஹார்வர்டு பேராசிரியர். வயது 58. கைத்தடி ஊன்றி நடப்பவர். சீனாவுக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறார். பகல் நேரம். வாசல் கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. நமக்கு நடந்தால் என்ன செய்வோம்? தோளைக் கொடுத்து முட்டுவோம். அவரும் பின்பக்கமாக உள்ளே போய்ப் பார்த்தார்; அப்புறம் காரில் கொண்டுவந்து விட்ட ஓட்டுநரும் சேர்ந்து முட்டித்தான் கதவு திறந்தது. தெருவில் போன ஒரு பெண் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். அவர் நிதானமாகத்தான் பேசினார்: 'பெட்டிகள் தெரிகின்றன, இங்கேயே குடியிருப்பவர்களாகவும் இருக்கலாம்' என்ற பொருளில் சொன்னார். அந்த நிதானம் வாசல் வரை வந்து சேரவில்லை. போலீஸ் வந்தது. பேராசிரியர் ஹார்வர்டு அடையாள அட்டையைக் காட்டினார், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். வாக்குவாதம் முற்றியது. சொந்த வாசலில், கையில் விலங்கு! ஒழுங்கீனமாக நடந்துகொண்டார் என்று வழக்கு. ஐந்து நாளில் அதைக் கைவிட்டார்கள். குடியரசுத் தலைவர் ஒபாமா பேராசிரியரையும் அந்த அதிகாரியையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து பியர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். எத்தனை பேருக்கு அப்படி ஓர் அழைப்பு வரும்?

படித்தால் சரியாகிவிடும், சம்பாதித்தால் சரியாகிவிடும் என்று நம் விருந்துகளில் அடிக்கடி கேட்கிறேன். தென் கரோலினாவின் செனட்டர் டிம் ஸ்காட் கறுப்பினத்தவர், குடியரசுக் கட்சிக்காரர். ஒரே ஆண்டில் ஏழு முறை போலீஸ் தன்னை நிறுத்தியதாக 2016-இல் செனட் சபையிலேயே சொன்னார். போலீஸ் காரை நிறுத்தினால் கை ஸ்டியரிங்கில் தெரியும்படி இருக்கட்டும் என்று கறுப்பின அப்பாக்கள் மகன்களுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பாடம்தான்.

வேலையிடத்தைப் பற்றியும் வீட்டு விலையைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். ஆனால் எனக்கு உறுத்துவது நம் தெரு வாட்ஸ்அப் குழு. 'யாரோ ஒரு கறுப்பு ஆள் நடந்து போகிறான், எல்லோரும் கவனம்' என்று படத்தோடு போடுவது நம் ஆட்கள்தானே?

2015-இல் அலபாமாவின் மேடிசனில், பேரனைப் பார்க்க குஜராத்திலிருந்து வந்த தாத்தா ஒருவர் மகன் வீட்டுத் தெருவில் காலாற நடந்தார். 'ஒல்லியான கறுப்பு ஆள்' என்று யாரோ போலீஸை அழைத்தார்கள். வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் தள்ளியதில் உடம்பின் ஒரு பகுதி செயலிழந்து போனது. பெரியவர்களே, நீங்களும் தினமும் நடக்கிறீர்கள்.

இன்னொன்று. இங்கே குடியேற இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த ஒதுக்கீடு 1965 குடியேற்றச் சட்டத்தால் போனது. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைக்குப் போய் நடத்திய உரிமைப் போராட்டத்தின் காற்றில்தான் அந்தச் சட்டம் வந்தது. நாம் இங்கே பொங்கல் வைப்பது அதனால்.

ஆகவே கேட்கிறேன்: என்ன செய்தார் என்று எழுத முடியாவிட்டால் குழுவில் படம் போடக் கூடாது. நடப்பதும் நிற்பதும் மணியடிப்பதும் குற்றமல்ல. தீர விசாரிப்பதே மெய்! சாப்பாட்டுக்கூட வாசலில் இதை எழுதிய தாள் வைத்திருக்கிறோம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுங்கள். நகரமன்ற உறுப்பினர் கிளம்புவதற்குள் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். நன்றி, வணக்கம்.