சமையல் சொல்லித் தந்த அக்காவை எப்படி நினைவுகூர்வது?

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய வாட்ஸ்அப் சமையற் குழுவில் பல ஆண்டுகளாக இருந்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கும் பத்தியக்கறி வரை எல்லாவற்றையும் குரற்பதிவில் சொல்லிக்கொடுத்த ஓர் அக்கா காலமாகிவிட்டார். குழுவில் பெரும்பாலோர் அவரை நேரில் கண்டதில்லை. இன்னும் சில நாட்களில் அந்தியேட்டி, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியை. அந்த வீட்டுக்குப் போகத் தங்களுக்கு உரிமை உண்டா, அவர் நினைவாகத் தாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

தயங்காமல் போங்கள். வீட்டில் நடக்கும் கிரியையான வீட்டுக்கிருத்தியத்துக்கும் மதியபோசனத்துக்கும் உற்றார் உறவினரோடு நண்பர்களையும் அழைப்பதே நம் வழக்கம். குழுவில் இருக்கும் முஸ்லிம் சகோதரிகளும் கிறிஸ்தவ சகோதரிகளும் கிரியையில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. கிரியை முடிந்தபின் வந்து பிள்ளைகளோடு சிறிது நேரம் அமர்ந்திருந்தாலே போதும். ஆனால், போகும்போது வெறுமனே "அம்மா நல்லவர்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அம்மா தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள்; யாருக்கு என்ன செய்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத டொரொன்டோவில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு, மல்லி, மிளகு, சின்னச்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவளுடைய கணவனைக் கொண்டே சரக்குக்கறி வைக்கச் செய்திருந்தால், அதை அந்தப் பெண்ணே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பட்டும். தாயை இழந்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய ஆறுதலை உங்களால் கொடுக்க முடியாது.

அடுத்ததை இன்றைக்கே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 120 நாட்கள் பயன்படுத்தப்படாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். அவர் அனுப்பிய குரற்பதிவுகள் உங்கள் தொலைபேசிகளில் இருக்கும் என்றாலும், தொலைபேசி பழுதாகும், மாற்றப்படும், இடம் போதாதென்று பழையவை அழிக்கப்படும். ஆகவே குழுவில் ஒருவர் பொறுப்பேற்று, எல்லோரிடமும் உள்ள பதிவுகளைத் திரட்டி, தேதியும் கறியின் பெயரும் இட்டு, இரண்டு இடங்களிலாவது சேமித்து வையுங்கள். ஒரு பிரதியை அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆனால் கேட்கும்படி வற்புறுத்தாதீர்கள். தாயின் குரலைக் கேட்கும் மனநிலை சிலருக்கு உடனே வரும், சிலருக்கு ஆண்டுகள் செல்லும். வெளியாருக்குப் பகிர்வதானால் அவர்களுடைய சம்மதம் கட்டாயம் வேண்டும்.

பதிவுகளை எழுத்தாக்கும்போது அவர் சொன்னதைத் திருத்தாதீர்கள். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். சமைப்பவர் மறைந்த பிறகு அவருடைய குறிப்பு கைமாறிக் கைமாறி, ஒருவர் புளியைக் குறைக்க, இன்னொருவர் தேங்காய்ப்பாலைக் கூட்ட, ஈற்றில் அவருடைய பெயர் மட்டும் எஞ்சி, அவருடைய கைப்பக்குவம் காணாமற் போய்விடுகிறது. அவர் "ஒரு சுண்டு அரிசி" என்று நம் வீட்டு அளவையில் சொல்லியிருந்தால் சுண்டு என்றே எழுதி, நீங்கள் தராசில் நிறுத்துப் பார்த்த கிராமை அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். ஒடியல் மாவை ஊறவைத்து, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட்டால்தான் கைப்புக் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் அதை எத்தனை முறை ஊற்றினார், கரைத்த மாவை நண்டும் றாலும் வெந்த பிறகு விட்டாரா, முன்னரா, முருங்கையிலை போட்டாரா, செத்தல் மிளகாயை அரைத்தாரா, இடித்தாரா என்பவற்றில்தான் அவருடைய கூழ் மற்றவர்களுடைய கூழிலிருந்து வேறுபடுகிறது. கேட்டு விளங்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அவரோடு கூடச் சமைத்த மகளோ மருமகளோ பிறகு நிரப்புவார்கள்.

அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்குக் குறிப்புகள் கொடுக்கலாமா என்றும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். தாராளமாகக் கொடுக்கலாம். கல்வெட்டு என்று யாழ்ப்பாணத்தில் சொல்லப்படும் இந்த மலர்களின் மரபில், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும் தேவாரமும் வாழ்க்கை வரலாறும் வம்சாவளியும் இடம்பெறுவது வழமை. பிற்கால மலர்களில் மறைந்தவருக்கு ஈடுபாடு இருந்த விடயங்களும் சேர்க்கப்படுகின்றன. ஆசிரியராக இருந்தவருக்கு மாணவர்கள் எழுதுகிறார்கள். சமையல் சொல்லிக்கொடுத்தவரிடம் சமையல் கற்றவர்கள் எழுதுவதும் அதே மரபுதான். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிடுவதால் குடும்பத்தினரிடம் விரைவாகக் கேட்டு, நான்கைந்து குறிப்புகளை மட்டும் தெரிந்தெடுங்கள். சைவக் குடும்பமானால் மலரில் மரக்கறி வகைகளே பொருத்தமாக இருக்கும். கத்தரிக்காய்ப் பால்கறி, வெந்தயக் குழம்பு, பயற்றம் பணியாரம் போன்றவற்றைக் கொடுங்கள்.

கூழை அந்தியேட்டி நாளில் காய்ச்சாதீர்கள். அன்றைய சமையல் மரக்கறிதான். மறைந்தவருக்குப் படையல் வைக்கும் எட்டுச் செலவில் அவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்பது வீட்டாருடைய கடமை. அவர் மற்றவர்களுக்கு விரும்பிச் செய்து கொடுத்ததைச் சமைப்பது உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, கொழும்பில் இருப்பவர்கள் ஒரு வீட்டில் கூடியும், இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்கள் அவரவர் வீட்டிலும், அவர் சொன்னபடியே காய்ச்சுங்கள். அன்றைக்கு யாரும் புதுமை எதுவும் செய்ய வேண்டாம். பலாக்கொட்டையும் பயற்றங்காயும் கிடைக்காத நாட்டில் இருப்பவர்கள் அவற்றுக்குப் பதிலாக என்ன போடலாம் என்று அவர் முன்பே சொல்லியிருக்கக்கூடும், பதிவுகளில் தேடுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நம்மவர்களிடையே செத்த வீட்டுக்கு அயலவர்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் முப்பத்தோராம் நாள் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் கலைந்த பிறகு, அந்தத் தொடர்மாடி வீட்டில் சமைத்துப் போட அவர் இல்லாத உண்மையான வெறுமை அப்போதுதான் தொடங்குகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்கள் முறை வைத்து, கிழமையில் ஒரு நாளாவது இடியப்பமும் சொதியுமோ புட்டும் கறியுமோ கொண்டுபோய்க் கொடுங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்லுங்கள். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பினாலும் பரவாயில்லை.

மலர் அச்சாகி வந்ததும், குடும்பத்தினர் சம்மதித்தால், ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் இயங்கிவரும் அவர்களுடைய எண்ணிம நூலகத்தில் ஈழத்து நினைவு மலர்கள் பலவும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அரசியல்வாதிகளுக்கும் புலவர்களுக்கும் பக்கத்தில், கூழ் காய்ச்சக் கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணின் மலரும் அங்கே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.