நஞ்சு என்று பேர் வைத்தோம்

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். திசுக்களை மெழுகில் உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதுதான் ஆய்வுக்கூடத்தில் 28 ஆண்டுகள் என் வேலை.

எங்கள் தோட்டத்தில் பிள்ளை பிறந்ததும் பாட்டிமார் கேட்பது, "நஞ்சு விழுந்துடுச்சா?" என்றுதான். நஞ்சுக்கொடியைத்தான் அப்படிச் சொல்வார்கள். விழுந்ததும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். பேரிலேயே நஞ்சு இருக்கிறதே, ஏதோ கழிவு என்றுதான் சிறுமியாக இருந்தபோது நினைத்திருந்தேன். மைக்ரோஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்த அன்று அந்த நினைப்பு போனது.

நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி அரைக் கிலோ அளவில் இருக்கும். அதில் பெரும்பங்கு தாயின் சதையே இல்லை. பிள்ளை உருவான அதே கருமுட்டையிலிருந்து வளர்ந்த, பிள்ளையின் உறுப்பு அது.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் ஆகாயத்தாமரை மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் மண்ணைத் தொடாமல் தண்ணீரிலேயே தொங்கும். நஞ்சுக்கொடிக்குள்ளும் அப்படித்தான். மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து போகும் நுண்விரல்கள் தாயின் இரத்தக் குளத்தில் தொங்குகின்றன. அவற்றின் மேற்பரப்பை விரித்தால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும், லயத்து வீட்டில் ஓர் அறை அளவு.

ஒவ்வொரு விரலையும் போர்த்தியிருக்கும் தோல்தான் என்னை அதிகம் வியக்கவைத்தது. லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் தடுப்புப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டால் ஒரே நீளக் கூடமாகிவிடும் இல்லையா? இங்கும் செல்களுக்கு இடையே சுவரே கிடையாது. எண்ணற்ற உட்கருக்கள் ஊதாப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்க, நடுவே இடுக்கு இல்லாத ஒரே விரிப்பு. தாயின் இரத்தம் வெளியே, பிள்ளையின் இரத்தம் உள்ளே. கடைசி மாதங்களில் இடையிலுள்ள திரை சில மைக்ரான் தடிமனுக்கு மெலிந்துவிடும், ஒரு சிவப்பணுவின் அகலத்தில் பாதிதான். அந்தத் திரை வழியாகத்தான் ஆக்சிஜனும் சர்க்கரையும் போகின்றன, கழிவு திரும்பி வருகிறது. தாயின் நோய் எதிர்ப்புப் புரதத்தையும் அந்த விரிப்பே பிடித்துப் பிள்ளைக்கு அனுப்புகிறது, அதுவும் கடைசி வாரங்களில்தான் மிகுதியாக. ஆனால் மதுவையும் சிகரெட்டின் நிக்கோட்டினையும் அதனால் தடுக்க முடியாது. வீட்டு ஆண்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. குளத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தாயின் குழாய்கள் முதலில் குறுகலாக இருக்கும். நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் நுழைந்து, சுவரின் தசையை இளக்கி அகலப்படுத்துகின்றன. அந்த வேலை சரியாக நடக்காவிட்டால், பின்னால் தாய்க்கு இரத்தக்கொதிப்பு ஏறலாம், பிள்ளையின் வளர்ச்சி குன்றலாம். கிளினிக்கில் மிஸி, அதாவது தாதி, ஒவ்வொரு முறையும் பிரஷரும் சிறுநீரும் பார்த்துக் கர்ப்பகாலப் பதிவான பிங்க் புத்தகத்தில் எழுதுவது இதற்காகத்தான். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள். தொடக்கத்தில் பிரஷர் ஏறுவது உடம்புக்குத் தெரியாமலேயே இருக்கலாம்.

சரி, தொப்புள்கொடிக்கு வருவோம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று துளைகள்: இரண்டு தமனி, ஒரு சிரை. மற்ற இடங்களில் பெரும்பாலும் தமனியில்தான் நல்ல இரத்தம் ஓடும். இங்கே அது சிரையில் வருகிறது. மூன்றையும் சுற்றி நுங்குபோல வழவழப்பான கூழ். பிள்ளை புரண்டாலும் கொடி முறுக்கிக்கொண்டாலும் குழாய்கள் எளிதில் நசுங்காதபடி அது காக்கிறது. கொடியில் வலி உணரும் நரம்பு இல்லை, அதனால் வெட்டும்போது பிள்ளைக்கு வலிக்காது. அவசரம் இல்லாத பிரசவத்தில் ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் இரத்தம் பிள்ளைக்கு வந்துசேர்கிறது. பல மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து அதில் இருக்கிறது.

வயிற்றோடு ஒட்டி நிற்கும் துண்டு ஓரிரு வாரங்களில் காய்ந்து விழும். எங்கள் அம்மா அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து என் அரைஞாணில் கட்டியிருந்தார். உள்ளே இருந்தது அந்த மூன்று குழாய்களும் வற்றிப்போன கூழும்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தாயத்து இன்னும் என்னிடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.